பால்கனியில் இரண்டு கணவர்கள்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு இரும்பு நாற்காலிகள். ஒன்றில் நான் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கீழே, வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். தலை முதல் கால் வரை பச்சைத் துணி. நடுவில் மட்டும் ஒரு சதுரம் திறந்திருக்கிறது. அந்தச் சதுரத்துக்குள் ஆபரேஷன் நடக்கிறது.

சுவரைப் பார்த்து உட்காரும்படி அவரைக் கேட்டுக்கொண்டவன் நான்தான். படுத்திருப்பது என் மனைவி மெஹர். அவளை அன்னியர் ஒருவர் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "அதுக்கின்னா பாய், நான் செவுத்தைப் பாத்துக்கினு ஒக்காந்துக்கறேன்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த நாற்காலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

டிக்கெட் இல்லாத பால்கனி

ஆபரேஷன் தியேட்டருக்குப் பால்கனி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், டாக்டரம்மாவுக்கு விளம்பரம் பிடிக்காது. கைராசிக்காரர். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்லை எடுக்கிறேன் என்று உள்ளே கூட்டிப்போய்க் கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று சங்கராபுரம் பஸ்ஸில் யாரோ கொளுத்திப் போட்டார். அது மலையேறி வெள்ளிமலை வரைக்கும் போய்விட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குத் திரும்பிப் போனார்கள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு மாடிச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார். பக்கத்தில் ஒரு டி.வி. வயிற்றுக்குள் விடுகிற கேமராவில் தெரிவதெல்லாம் அதிலும் தெரியும். "வீட்டுக்கு ஒருத்தர் வந்து பாருங்க. செல்போனைக் கீழே குடுத்துடுங்க. மயக்கம் போடறவங்க மட்டும் வராதீங்க" என்று சொல்லிவிட்டார். ஊர் அதற்குப் பால்கனி என்று பெயர் வைத்தது. முறுக்கு விற்க மட்டும்தான் ஆள் வரவில்லை.

எனக்குக் கிட்னிச் சந்தேகம் இல்லை. எனக்கு இருந்தது கடைக்காரப் புத்தி. கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு லாரியிலிருந்து இறங்கும்போது முதலாளி பக்கத்தில் நிற்க வேண்டும், கண் பார்க்காத சரக்கு கைக்கு வந்து சேராது என்பது அத்தா சொல்லிக் கொடுத்த பாடம். பெட்டி பெட்டியாக ரப்பர் செருப்பு இறங்கும்போதே நிற்கிறவன், மெஹருக்கு ஆபரேஷன் என்றால் நிற்காமல் இருப்பேனா?

பெண் பார்க்கப் போன இடத்தில் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று இந்தத் தொடரில் முன்பொரு வாரம் எழுதியிருந்தேன். அதற்குக் கிடைத்த கேலி இன்னும் ஓயவில்லை. என்ன செய்வது? எனக்கு முகம் மறந்துபோகும், பாதம் மறக்காது. கடைக்கு வருகிறவரின் பெயர் தெரியாது, அவர் ஏழா எட்டா என்பது தெரியும்.

நோன்பு மாதிரி

மெஹருக்குப் பித்தப்பையில் கல். கல்யாண வீட்டுச் சாப்பாடு என்றால் சாயங்காலமே வலி வந்துவிடும். கல்யாணத்தை விடுவாளா? அதுவும் மாட்டாள். கடைசியில் ஒரு வலீமா விருந்துக்குப் பிறகு சுருண்டு விழுந்தாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பையோடு எடுத்துவிட வேண்டும் என்றார்.

"காலையில வெறும் வயித்தோட வரணும்மா. பச்சைத் தண்ணி கூடக் கூடாது. நோன்பு மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

"நோன்பா?" மெஹர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நோன்பு வைக்க எங்களுக்கா சொல்லித் தரணும்? நீங்க கவலையே படாதீங்க டாக்டரம்மா."

அவளுக்குத் துணையாக நானும் அன்று நோன்பு வைத்தேன். முந்தின இரவு எனக்குத் தூக்கமே இல்லை. இது மெஹருக்குப் பழக்கமான விஷயம். கவலை வந்துவிட்டால் என் கண் மூடாது. கடையில் மின்கசிவால் தீப்பிடித்த வருடமும், மகளுக்கு டெங்கு வந்தபோதும் பல இரவுகள் முழித்தே கிடந்தேன். "நீங்க குறட்டை விட்டாதான் இந்த வூட்டுல எல்லாம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்பாள்.

காலையில் அவளைப் பச்சை அங்கி போட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். கதவு மூடுவதற்குள், "கடை சாவி எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மேலே போனால் அங்கே ஏற்கெனவே ஒருவர். கோவிந்தன். கல்வராயன் மலையில் சேராப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். மரவள்ளி போட்டிருக்கிறார், சீசனில் பலாப்பழம் கீழே கொண்டுவந்து விற்பார். அவர் மனைவி சின்னப்பொண்ணுக்கும் அதே கல், அதே ஆபரேஷன். மெஹருக்கு அடுத்த முறை அவளுக்கு. இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே அழைத்துவிட்டார்கள். முறை வரும்வரை மேலேயே இருக்கலாம் என்று சொல்லி அவரையும் அனுப்பியிருந்தார்கள்.

"முதல்ல உங்க ஆளு, அப்பறம் எங்க ஆளு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலித் திருப்பல்.

சுவர் சிவந்தது

ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கீறிப் பிளப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வயிற்றுக்குள் காற்றை ஏற்றி உப்ப வைக்கிறார்கள். உப்பிவிட்டால் குண்டு, ஒல்லி எல்லாம் ஒன்றுதான். பிறகு சின்னச் சின்ன ஓட்டைகள். ஒன்றில் கேமரா, மற்றதில் நீள நீளமான கம்பிகள். டாக்டரம்மா வயிற்றைப் பார்ப்பதே இல்லை. டி.வி.யைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். மெகா சீரியல் பார்த்துக்கொண்டே வெங்காயம் அரிகிற மெஹரை நினைத்துக்கொண்டேன்.

திரையில் ஈரல் தெரிந்தது. பக்ரீத்துக்குக் குர்பானி கொடுக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு ஈரல் தெரியாதா? அதன் அடியில் பச்சையாக ஒரு பை. ஆட்டில் அந்தப் பையை உடையாமல் எடுப்பதுதான் பெரிய வேலை. உடைந்தால் கறி மொத்தமும் கசந்துவிடும். "உடைச்சிடாதீங்கம்மா, உடைச்சிடாதீங்க" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கசாப்புக் கடை யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தானே நடக்குது பாய்?" முதுகு கேட்டது.

"நல்லாத்தான் நடக்குதுண்ணே."

சொல்லி வாய் மூடவில்லை. திரை சிவந்துவிட்டது. ஈரல் தெரியவில்லை, பை தெரியவில்லை, கம்பி தெரியவில்லை. மூலைக்கு மூலை ஒரே சிவப்பு.

"இன்னா பாய், செவுரு செவக்குது?"

டி.வி. வெளிச்சம் அவர் எதிரே சுவரில் விழுந்திருந்தது. கீழே ஒரு நர்ஸ் ஓடினாள். இன்னொருத்தி எதையோ பிரித்து நீட்டினாள். கண்ணாடியில் சத்தம் வராது. சத்தமில்லாமல் மனிதர்கள் ஓடுவதைப் பார்ப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

"அண்ணே, திரும்புங்க. எனக்குப் பயமா இருக்குது."

கோவிந்தன் திரும்பினார். திரையை ஒரு தரம் பார்த்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை.

"ஒண்ணும் ஆவாது பாய். எங்க ஊர்ல ஒருத்தன் பலா மரத்துலேர்ந்து வுழுந்து கொடலே வெளிய வந்துடிச்சி. துண்டுல கட்டித் தூக்கிக்கினு வந்தோம். இன்னிக்கி அவன் பொண்ணுக்குக் கல்யாணமே பண்ணிட்டான். இது இன்னா, சும்மா கொஞ்சம் ரத்தம்."

நான் அழுதேன். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். பாதியில் மறந்துபோனதை மறுபடி முதலிலிருந்து ஓதினேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். துணி காயப் போடும்போதெல்லாம், "ஒரு நாள் அங்க கூட்டிக்கினு போங்களேன்" என்று கேட்பாள். நான் கடையைக் காரணம் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். யா அல்லாஹ், இவள் எழுந்து வந்தால் அந்த மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

"இன்னா பாய், ஆம்பளை இப்பிடியா அழுவறது? எங்க ஊட்டுக்காரி பாத்தான்னா சிரிப்பா" என்று கோவிந்தன் சிரிக்கவைக்கப் பார்த்தார். பிறகு தன் சாமியைக் கூப்பிட்டார். "கரியராமா, பாய் சம்சாரத்தைக் காப்பாத்துடாப்பா."

டாக்டரம்மா அந்த நேரத்திலும் தலையைத் தூக்கி ஒரு முறை எங்களைப் பார்த்தார். பொறுங்கள் என்பது போல் தலையை அசைத்துவிட்டுக் குனிந்தார்.

திரையில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஈரல் தெரிந்தது. சின்னக் கிளிப் ஒன்று எதையோ கவ்விப் பிடித்திருந்தது. கீழே ஓடியவர்கள் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சைப் பையை உடையாமல் வெளியே எடுத்தார்கள்.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்றார் கோவிந்தன், ஆபரேஷன் செய்ததே தான்தான் என்கிற மாதிரி.

பாதம்

தையல் முடிந்து, வேறு கட்டிலுக்கு மாற்றுவதற்காகக் கால்பக்கத் துணியை விலக்கினார்கள்.

நான் பாதத்தைப் பார்த்தேன்.

மெஹருக்குச் செருப்பு அளவு ஆறு. மெலிந்த பாதம், பெருவிரலை விடப் பக்கத்து விரல் நீளம். கீழே இருந்தது ஐந்தாம் அளவுப் பாதம். விரல்கள் விரிந்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய பாதம். இரண்டாவது விரலில் மெட்டியைக் கழற்றிய இடம் மட்டும் வெளுத்திருந்தது. எங்கள் வீட்டில் மெட்டி போடுகிற பழக்கம் கிடையாது.

"அண்ணே, இது மெஹர் இல்ல" என்றேன்.

கோவிந்தன் கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்தார். அவருக்கு அளவெல்லாம் தேவைப்படவில்லை. அப்படியே கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சின்னப்பொண்ணு பாய்" என்றார். "நான் செவுத்தைப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேனே பாய்."

அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். என் பங்குக்குப் பலா மரத்துக் கதை எதுவும் என்னிடம் இல்லை. "எடுத்துட்டாங்கண்ணே, நல்லா எடுத்துட்டாங்க. நான் முழுசாப் பாத்தேன். ஒண்ணு விடாம பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்காக நான் பார்த்திருக்கிறேன் என்பது மட்டும்தான் அப்போது கையிலிருந்த ஆறுதல்.

அடுத்த நொடிதான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் மெஹர் எங்கே?

சஹர் சாப்பாடு

மெஹர் கீழே வார்டில், கட்டிலில் சப்பணம் போட்டு, பச்சை அங்கியோடு வாசலையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? நர்ஸம்மா உங்களை வார்டு வார்டா தேடிக்கினு கீறாங்க. போனும் எடுக்கல."

நடந்தது இதுதான். உள்ளே மயக்க மருந்து டாக்டர் வழக்கம் போல, "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"சஹருக்கு" என்றிருக்கிறாள் மெஹர், பெருமையாக.

"சஹருன்னா?"

"விடியறதுக்கு முன்னாடி. சோறு, கறிக்குழம்பு, முட்டை, ரெண்டு வாழைப்பழம், டீ."

நோன்பு மாதிரி என்று டாக்டரம்மா சொன்னார் அல்லவா? சஹர் சாப்பிடாமல் வைக்கிற நோன்பு எங்கள் வீட்டில் நோன்பே கிடையாது. எழுந்து சமைத்தது அவள். எதிரே உட்கார்ந்து இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டவன் நான். ஒருவருக்காவது உறைத்ததா என்றால், இல்லை. மயக்க மருந்து டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, அவளைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு, சின்னப்பொண்ணை முதலில் அழைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஹர் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கண்ணு ஏன் இப்பிடி வீங்கிக் கெடக்குது?"

சொன்னேன். நேர்ந்துகொண்டது வரைக்கும் சொன்னேன்.

"கட்டின பொண்டாட்டி இங்க பட்டினியாக் கெடக்குறேன். நீங்க மேல போய் அடுத்த வூட்டு அம்மாவுக்கு அழுதுட்டு வந்தீங்களா?" என்றாள். பிறகு, "அந்தம்மா எப்பிடி கீறாங்க?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா சின்ன பாட்டிலில் கல்லைக் கொண்டுவந்து கோவிந்தனிடம் காட்டினார். மிளகு மாதிரி கரிய கற்கள். கோவிந்தன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அதைப் பார்க்க எனக்கும் பாத்தியதை உண்டு என்று நினைத்தாரோ என்னவோ.

சாயங்காலம் மெஹரின் முறை வந்தபோது எனக்கு மாடிப்படி ஏறக் கால் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மறுபடி அந்தச் சிவப்பைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நீ கீழ இரு பாய். நான் போறேன்" என்றார் கோவிந்தன். சின்னப்பொண்ணு கண் விழித்து அவரைத் திட்ட ஆரம்பித்திருந்தாள், அதனால் தெம்பாக இருந்தார். "எங்க ஊட்டுக்காரிக்கு நீ பாத்தே, உங்க வூட்டம்மாவுக்கு நான் பாக்கறேன். செவுத்தைப் பாத்துக்கினுதான் ஒக்காருவேன். செவந்தா மட்டும் திரும்பறேன்."

அவர் போன பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஓத ஆரம்பித்தேன். முந்தின இரவின் முழிப்பு, நோன்பு, காலையில் அழுத அழுகை. எந்த வரியில் தூங்கிப்போனேன் என்று எனக்கே தெரியாது. கோவிந்தன் வந்து தோளைத் தட்டியபோதுதான் விழித்தேன்.

"செவுரு வெள்ளையாவே இருந்திச்சி பாய்" என்றார்.

நேர்ச்சை

வேறொருத்தியைப் பார்த்து நேர்ந்துகொண்ட நேர்ச்சை செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். மெஹருக்குச் சந்தேகமே இல்லை. "அந்தம்மா எழுந்து வந்தாங்களா இல்லியா? கெளம்புங்க" என்றாள்.

இருவருக்கும் உடம்பு தேறிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கடையைப் பூட்டினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. இத்தனை வருடம் மொட்டை மாடியிலிருந்து நீலமாகப் பார்த்த மலை கிட்டே போனால் பச்சையாக இருந்தது. மெஹர் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. இதற்கா இத்தனை வருடம் இழுத்தடித்தோம் என்று எனக்கு மனது கஷ்டமாக இருந்தது.

கோவிந்தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். சின்னப்பொண்ணு மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தாள். நான் பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்துக் கொடுத்தேன். குதிகால் வெடிப்புக்கு இதமான மெத்தை வைத்தது. காலில் மாட்டிப் பார்த்தாள். கச்சிதம்.

"அளவு எப்பிடித் தெரிஞ்சுது பாய்க்கு?"

"அழுதுக்கினே அளவெடுத்துட்டு வந்திருக்காரு" என்றாள் மெஹர்.

சின்னப்பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க ஊட்டுக்காரரு கதை தெரியுமா அக்கா? நான் அங்க ரத்தம் கக்கிக்கினு கெடக்கறேன், இவரு பலா மரத்துக் கதை சொல்லிக்கினு இருந்தாராம்."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனாடி?" என்றார் கோவிந்தன் பரிதாபமாக.

"எங்காளு உங்காளை விட மேல்" என்றாள் மெஹர். "எனக்கு ஆபரேசன் நடக்கறப்போ தூங்கிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தூக்கத்தைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை.

"கட்டில்ல தள்ளிக்கினு போறப்போ பாத்தேன். பெஞ்சு மேல வாயைத் தொறந்துக்கினு கொறட்டை. நர்ஸம்மா எழுப்பட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்." கிழங்கைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "அதுவரைக்கும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. கவலை ஏதாச்சும் இருந்தா இந்த மனுசன் கண்ணை மூட மாட்டாரு. இவரே தூங்கறாருன்னா எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சிபோச்சு. அப்பறம் தைரியமா உள்ள போனேன்."

அது நிம்மதித் தூக்கம் இல்லை, சின்னப்பொண்ணுக்காக அழுது களைத்த தூக்கம் என்பது அந்த அறையில் எனக்குத் தெரியும். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கோவிந்தனுக்கும் தெரியும்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.